மச்சம் விட்ட இரண்டு மாதம்

என் முதுகில் ஒரு மச்சம் இருந்தது. இடது தோளுக்குக் கீழே, நானே ஒருபோதும் பார்த்திராத இடத்தில். அது மனைவிக்குத் தெரியும். பிறகு சூரிச்சுக்குப் பக்கத்தில், அட்லிஸ்வில்லில் இருக்கும் எங்கள் குடும்ப வைத்தியருக்கும் தெரிய வந்தது. மனைவி அதை யோகம் என்று நினைத்திருந்தாள். வைத்தியர் அப்படி நினைக்கவில்லை.

இருமலுக்குப் போன இடத்தில்தான் அவர் அதைக் கண்டார். முதுகில் குழாயை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், குழாயை எடுத்துவிட்டு ஒரு சின்ன விளக்கைக் கொண்டுவந்தார். நீளமாக ஏதோ சொன்னார். அதில் "முட்டர்மால்" என்ற சொல் மூன்று தரம் வந்தது.

என்னுடைய ஜெர்மன் அடுக்களை ஜெர்மன். இருபத்திரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் அடுக்களையில் வேலை. கரட் வெட்டு, தட்டுக் கழுவு என்றால் உடனே விளங்கும். முட்டர் என்றால் தாய். மால் என்பதைத் தினமும் மதியம் கேட்கிறேன். சாப்பிடப் போகும்போது எல்லாரும் எல்லாருக்கும் "மால்சைட்" என்பார்கள், சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். ஆகவே முட்டர்மால் என்றால் தாய்ச் சாப்பாடு. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் வைத்தியர் ஏதோ குறை கண்டிருக்கிறார் என்று தலையாட்டினேன். கூச்சமுள்ளவன் இந்த நாட்டில் பிழைப்பது தலையாட்டித்தான்.

அந்தத் தலையாட்டலில் வைத்தியருக்கு நம்பிக்கை வரவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். ஒரு பெண்ணின் குரல். தமிழ்நாட்டுத் தமிழ், நல்ல வேகம்.

"வணக்கம் சார். உங்க மச்சத்தைப் பத்தி டாக்டர் சில கேள்வி கேக்கணும்கிறார். எத்தனை நாளா இருக்கு?"

யாழ்ப்பாணத்தில் மச்சம் என்றால் முதலில் மீன், அடுத்தது இறைச்சி. சாப்பாட்டுக் கடையில் "மச்சமோ, மரக்கறியோ?" என்றுதான் கேட்பார்கள். உடம்பில் இருப்பதற்கும் அதே பெயர்தான். ஆனால் தாய்ச் சாப்பாட்டைப் பற்றிக் கதை போகும்போது யாருக்கு உடம்பு ஞாபகம் வரும்?

"சின்ன வயசிலயிருந்து," என்றேன்.

"இப்ப அதிகமாயிருக்கா?"

"ஓம். இஞ்சை வந்தாப்பிறகு கொஞ்சம் கூடத்தான்."

"நிறம் ஏதாச்சும் மாறியிருக்கா சார்?"

சூரிச்சில் நாங்கள் மீன் வாங்கும் தமிழ்க் கடையை நினைத்துக்கொண்டேன். "ஐஸில வாறதுதானே. மாறித்தான் இருக்கும்."

"சாரி சார், லைன் விட்டு விட்டு வருது. மாறியிருக்குன்னு சொல்லிடறேன். அரிக்குதா?"

"றால் திண்டா மட்டும்."

அதை அவர் எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. வைத்தியரின் முகம் இறுகியது.

"டாக்டர் சொல்றார், மச்சத்தை எடுத்துடணும். தள்ளிப்போடக் கூடாது. உங்களுக்கு லெட்டர் வரும்."

"முழுசாவோ?"

"முழுசாத்தான் சார். கொஞ்சம் விட்டாலும் திரும்ப வரும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பாரை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சீனி வருத்தக்காரரே கணவாயைப் போட்டுச் சாப்பிடுகினம். உங்களுக்கு மட்டும் என்ன புது வருத்தம்?"

"தாய்ச் சாப்பாடு கூடாதாம்."

"ஆற்றை தாய்? உங்கட அம்மா சமைச்சதோ, நான் சமைக்கிறதோ? வடிவாக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. அன்றைக்கே மச்சத்தை விட்டேன். முதுகில் இருந்தது தன்பாட்டுக்கு இருந்தது.

அடுக்களையில் என் விரதம் பரவியது. எங்கள் தலைமைச் சமையல்காரர் சுவிஸ்காரர். வருடாவருடம் இலங்கைக்குப் போய் எங்கள் கடலுக்குள் சுழியோடி வருபவர். கைத்தொலைபேசியில் ஆமை, திருக்கை, திமிங்கிலம் என்று வைத்திருப்பார். நான் மீன் விட்டதைக் கேள்விப்பட்டு, "கடலுக்காகவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவருடைய கண் கலங்கிவிட்டது. எங்கள் கடலில் உள்ள உயிர் ஒவ்வொன்றின் பெயரும் அவருக்குத் தெரியும். கரையில் இருக்கும் மனிதர் எத்தனை வகை, என்னென்ன பாஷை என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. என்னையும் எங்களோடு தட்டுக் கழுவும் நீர்கொழும்புச் சிங்களப் பெண்ணையும் பார்த்து, "நீங்கள் இரண்டு பேரும் உங்கள் மொழியிலேயே பேசிக்கொள்ளலாம்" என்பார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஜெர்மன். அதுவும் அரைகுறை.

அந்தப் பெண் மாதத்தில் ஒரு தரம் புளி போட்டுக் கறுக்க வற்றவைத்த சூரை மீன் கொண்டுவந்து தருவார். இருபது வருடத்தில் எங்களுக்குள் எட்டப்பட்ட ஒரே சமாதானம் அது. இந்த முறை, "மீன் இல்லை. வைத்தியர்," என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"வைத்தியரா?" என்றார். "போன மாதம் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டீர்கள். யாராவது ஏதாவது சொன்னார்களா? சிங்களவரின் கறி வேண்டாம் என்று?"

இல்லை என்று விளக்க எனக்கு ஜெர்மனும் போதவில்லை, தைரியமும் போதவில்லை. ஒரு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. தமிழரையும் சிங்களவரையும் பிரிக்கப் பெரிய தலைவர்கள் எல்லாம் பாடுபட்டுச் செய்ததை நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் செய்து முடித்தேன்.

முருகன் கோயிலில் மட்டும் என் மதிப்பு ஏறியது. "தம்பி மச்சம் விட்டிட்டாராம்" என்று ஒருவர் சொல்ல, நிர்வாகத்தில் இருந்த இன்னொருவர் என்னைக் கூட்டிப்போய் முன் வரிசையில் நிற்க வைத்தார். தாங்கள் வெள்ளிக்கிழமை தவிர ஆறு நாளும் ஆடும் கோழியும் சாப்பிடுவதை மறந்துவிட்டு என்னைப் பக்தியோடு பார்த்தார்கள். முதுகு முழுக்க வியர்த்தது.

இதற்கிடையில் கடிதம் வந்தது. அதில் எனக்கு விளங்கிய சொற்கள் இரண்டு: ஒன்று "தோல்", மற்றது "அகற்றுதல்". எங்கள் அடுக்களையில் சால்மன் வந்தால் வேலைத் தாளில் இந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: தோலை அகற்றவும். மீனை முழுதாக விட்டவனுக்கு மீன் தோலைப் பற்றி என்ன ஆலோசனை என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். இரண்டாவது கடிதமும் வந்தது. அதையும் போட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம்தான், ஆனால் அங்கே தலையாட்டி ஒப்பேற்ற முடியாது.

மூன்றாவது கடிதத்தை மகள் திறந்தாள். இங்கே பிறந்தவள். பல் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகுகிறாள்.

"அப்பா, தோல் வைத்தியரிட்டை ஏன் போகேல்லை? ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கினம்."

"நான்தான் மச்சத்தை விட்டிட்டனே."

"எந்த மச்சம்?"

"மீன்."

கடிதத்தை மேசையில் வைத்தாள். "சேட்டைக் கழட்டுங்கோ." சட்டையைக் கழற்றினேன். முட்டர்மால் என்றால் இதுதான் என்று முதுகில் தொட்டுக் காட்டிவிட்டுச் சத்தம் போட்டாள். "அம்மா! இஞ்சை ஓடி வாங்கோ! இந்த மனிசன் மச்சத்தை எடுக்கச் சொல்ல மீனை விட்டிருக்கு!"

மனைவி வந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "முந்தி இவ்வளவு பெரிசில்லை," என்றாள்.

அந்தக் கிழமையே தோல் வைத்தியர் வெட்டி எடுத்தார். இருபது நிமிட வேலை. வெட்டியதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். நடந்ததை மகள் ஜெர்மனில் சொல்லித்தர நான் மனப்பாடம் செய்து நீர்கொழும்புப் பெண்ணிடம் ஒப்புவித்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "முடிவு எப்போது வரும்?" என்று கேட்டார். மற்ற யாரும் அதைக் கேட்கவில்லை. சமையல்காரருக்கு நான் திரும்ப மீன் சாப்பிடத் தொடங்கிக் கடலைக் கைவிட்டது கவலையாக இருந்தது.

முடிவு சொல்லும் நாளில் மனைவி வெளியே கதிரையில் இருந்தாள். மகளும் நானும் உள்ளே போனோம். வைத்தியர் மெதுவாகப் பேசினார். நடுவில் "கிரெப்ஸ்" என்றார். எங்கள் அடுக்களைச் சுவரில் ஒவ்வாமைப் பட்டியல் ஒன்று தொங்குகிறது. அதில் அந்தச் சொல்லுக்கு நேரே சிவப்பு நண்டு ஒன்றின் படம் இருக்கும். நண்டு என்றே விளங்கிக்கொள்ள எனக்கு நல்ல ஆசைதான். மகளின் முகம் விடவில்லை.

வெட்டிவிட்டார்களாம். ஆழமாகப் போகவில்லையாம். சுற்றிவர இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டுமாம். "கேள்வி ஏதாவது?" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வைத்தியரிடம் கேள்வி கேட்டேன், நானே, ஜெர்மனில். "இரண்டு மாதம் முன்பு வந்தால், நல்லதா?"

அவர் கணினித் திரையைப் பார்த்தார். "முன்பு வருவது எப்போதும் நல்லதுதான். எவ்வளவு நல்லதாக இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

வெளியே மனைவி எழும்பி நின்றாள். "என்னவாம்?"

மகள் முந்திக்கொண்டாள். "எல்லாம் எடுத்தாச்சாம் அம்மா. பயப்பிட ஒண்டும் இல்லையாம்."

"கான்சர்," என்றேன் நான். "எடுத்தது சரி. சுத்திவர இன்னும் கொஞ்சம் வெட்டோணுமாம்."

மனைவி திரும்பவும் கதிரையில் இருந்தாள். மகள் என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

"எப்பவாம்?" என்றாள் மனைவி.

"வாற புதன்."

"நான் லீவு போடுறன்," என்று கைப்பையைத் திறந்து தொலைபேசியைத் தேடினாள்.