ஏணியடியில் போட்ட தேதிகள்

என் சூப்பர்வைசரை நினைத்தால் முதலில் அவருடைய வெள்ளைப் பலகைதான் கண்முன் வருகிறது. தாராவியில் காசநோய் இருமல் யாருக்காவது இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுப் போகும் எங்கள் ஐந்து பெண்களின் பெயரும் அதில் இருக்கும். நாளுக்கு எண்பது வீடு. எண்பதைத் தொட்டவளுக்குப் பச்சை, தொடாதவளுக்குச் சிவப்பு. மாட்டுங்காவிலிருந்து இஸ்திரி கலையாமல் வரும் அந்த மனிதர், நாங்கள் வேர்த்து வழிந்து நிற்கும்போது பலகையைத்தான் நலம் விசாரிப்பார்.

எண்ணவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எண்பது வருவதற்கு முன் நாங்கள் மெயின் ரோட்டு வீடுகளை எட்டிப் பார்த்துவிட்டு வடா பாவ் தின்னப் போனவர்கள்தான். எண் வந்த பிறகே உள்சந்துகளில் நுழைந்தோம். நோயாளிகள் சிலருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது. அந்த மட்டில் நல்லதுதான்.

ஆனால் தாராவியில் வீட்டின் மேல் வீடு. மேல்வீட்டுக்குப் போக, வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மாதம் ஒரு சுற்று. பார்த்த வீட்டின் கதவில் சாக்பீஸால் தேதி போட்டு, ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் ஒரு வரி எழுத வேண்டும். ஏறி இறங்கியே நான் மூன்று நாள் சிவப்பில் கிடந்தபோது அவர் வழி சொன்னார். "மேல ஏறி எறங்கறதுக்குள்ள கீழ மூணு வீடு முடிச்சிடலாமேம்மா. ஏணி பக்கத்துச் சுவத்துலயே தேதியைப் போட்டுட்டு வா." என்ன மூளை! நானும் போட்டேன். பச்சையானேன். வெட்கமில்லாமல் சந்தோஷமும் பட்டேன்.

அந்த ஆண்டு அதிக வீடு பார்த்ததற்காக எங்கள் பிரிவுக்குக் கேடயம் கிடைத்தது. இப்போது ஓய்வுபெற்றுச் சான்பாடாவில் இருக்கும் அவர், அதை டிவி பக்கத்தில் வைத்துத் தினமும் துடைக்கிறாராம். துடைக்கட்டும்.

கேடயம் வந்த வாரம் ஒரு ஏணியடியில் சாக்பீஸோடு நின்றேன். மேல்வீட்டுப் பெண் இறங்கி வந்தாள், திருநெல்வேலிக்காரி. தோல்பை தைக்கும் அவள் கணவன் மாதக்கணக்கில் இருமி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. செத்துப் பத்து நாள். சுவரிலிருந்த தேதிகளை அவள் விரல் வைத்து எண்ணினாள்.

"ஏழு தடவ வந்திருக்கியளே அக்கா. ஒரு தடவகூட அவிய இருமுனது ஒங்க காதுல விழலியா?"

ஆபீசுக்கு ஓடி சூப்பர்வைசரிடம் சொன்னேன். மனிதர் பதறவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"ஏழு விசிட் இருக்கே! யாரும் நம்மளை ஒண்ணும் கேக்க முடியாது."

அவர் மூஞ்சியில் காறித் துப்பத் தோன்றியது. அதற்குள் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். ஏழு வரியிலும் 'இருமல் இல்லை' என்று எழுதியிருந்தது. ஏழும் என் கையெழுத்து.