மூன்றாவது வலைக்குப் பின்னால்

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீஷ் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் வார்த்தை சிக்கியது, பயத்தில் பாவாடை நனைந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. மறுநாள் நைனா அடித்துக்கூடப் பார்த்தார், நான் போகவில்லை. அன்றிலிருந்து யாராவது ஒரு தாளை நீட்டினால் முதலில் பதில் சொல்வது என் அடிவயிறுதான்.

பிறகு தையல் கற்றுக்கொண்டேன். பிளவுஸ் அளவெடுக்க ஏரிக்கரையில் எல்லா வீட்டுக்குள்ளும் போகிறவள் என்பதால், சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர்களுக்கு ஊரில் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஏரியில் மீன், இறால் பிடிக்கிறவர்கள் பிடித்த கையோடு போன் வழியாகவே விற்பதற்கு ஒரு புது ஆப் செய்யப் போகிறார்களாம். அதைச் செய்வதற்கு முன்னால், யார் அதைக் கையில் எடுப்பார்கள், எங்கே தடுமாறுவார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டும், அதற்கு ஒரு திட்டம் போடவேண்டும் என்றார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்க முடியுமா?

வந்த குழுவுக்குத் தலைமை ஒரு மேடம், முப்பது வயது தாண்டியிருக்கும். கரையோரம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கூடத்துச் சுவரில் ஆறு பெரிய தாள்களை ஒட்டினார். முதலில் ஆட்களிடம் கேட்பது, கேட்டதை வைத்து ஒரு கற்பனை ஆளை உருவாக்குவது, அந்த ஆளின் ஒரு நாளை வரைவது. அதன்பிறகு ஆப்பைக் காகிதத்தில் வரைந்து, ஆட்களை அமுக்கவிட்டுப் பார்த்து, கடைசியில் தப்பைத் திருத்துவது. தலைப்பெல்லாம் இங்கிலீஷ். எனக்கு வியர்த்தது. மேடம் கவனித்திருக்கவேண்டும், ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்க. இதுல தப்பான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்றார்.

அதை நான் நம்பியிருக்கக் கூடாது.

முதல் தாளுக்கு நான் அழைத்துப்போன வீடுகளில் ஒன்று என் அண்ணியுடையது. அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டான். இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் ஊரில் ஏரிக்குள் கழி நட்டு வலை கட்டும் இடங்களுக்கு முறை உண்டு, அதைப் பாடு என்போம். எந்த முறை யாருக்கு என்று கோயில் மண்டபத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஆண் இல்லாத வீட்டுக்குச் சீட்டு இல்லை. இன்னொருவர் பாட்டில் கால் வைப்பதைத் திருட்டைவிடக் கேவலமாகப் பார்ப்பார்கள்.

அண்ணிக்கு மிஞ்சியது அவள் கைகள்தான். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பாள். பொதுத் தண்ணீரில் கைக்கு ஒன்றும் சிக்காமல் போன பிறகு, வலைக்காரர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போகும் நேரம் பார்த்து, மூன்றாவது வலை கட்டுகிற கழிகளுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் இறங்க ஆரம்பித்தாள். குனிந்தால் கழிகளுக்கு நடுவில் தலை தெரியாது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அந்தப் பள்ளம்தான் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சோறு.

நாங்கள் போனபோது அவள் ஏரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மேடம் முதலில் ஒரு போனை நீட்டி, திரையில் இருந்த ஒரு கட்டத்தைத் தொடச் சொன்னார். அண்ணி தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினாள். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்நுனியை அந்தத் திரை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"எனுக்கு உசிரு கீதான்னே அதுக்குத் தெரிய மாட்டேங்குது பாப்பா" என்றாள் என்னிடம். மேடம் சிரித்தபடி, ஈரக்கை பெரிய பிரச்சினை என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக்கொண்டார்.

"எங்க போய்ப் பிடிப்பீங்க?"

"அங்க இங்கதான்."

"குறிப்பா எந்த இடம்?"

அண்ணி ஈரப் புடவை நுனியைப் பிழிந்தாள். மேடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். யாராவது கேள்வி கேட்டு, யாரும் பதில் சொல்லாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் தாங்கவே முடியாது. வாய் தானாகத் திறந்தது.

"மூணாவது வலைக்குப் பின்னால மேடம். பள்ளம் ஒண்ணு இருக்குது. அவங்க வலை தூக்கினதும் இவங்க இறங்குவாங்க."

அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். "மேடம், இது வெளில போவாதில்ல?"

"பேரே போட மாட்டோம்மா. நம்புங்க."

பேர் போடவில்லைதான். இரண்டாவது தாளில் 'கையால் பிடிப்பவர், பெண், வயது நாற்பது' என்றுதான் இருந்தது. பக்கத்தில் ஒரு படம். குழுவில் வரைகிற பெண்ணுக்கு நல்ல கை. வாயில் பறி, வாரிக் கட்டிய புடவை, கெளுத்தி முள் குத்தி வளைந்துபோன இடது கட்டைவிரல் எல்லாம் வந்திருந்தது. மூன்றாவது தாளில் அவளுடைய நாள். எழுந்திருப்பது, தண்ணீர் பிடிப்பது, 'மூன்றாவது வலைக்குப் பின்னால் இறங்குவது', அங்கே சந்தோஷ முகம் ஒன்று. எண்பது வீடு இருக்கிற ஊரில் பேரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாள் என்று மேடம் நினைத்தார். இந்தக் கதையிலும் நான் யார் பேரையும் எழுதவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாராவது படித்தால் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அந்தத் தாள்கள் கூடத்துச் சுவரோடு நின்றிருக்கும். மேடத்தின் திட்டத்தில் ஊரைக் கூட்டிக் காட்டுவது இல்லை. காகிதத்தில் வரைந்ததும் நேராக வீடு வீடாகப் போவதாக இருந்தது. நடுவில் ஊரைக் கொண்டுவந்தது நான். எங்கள் ஊரில் புதிதாக எது செய்தாலும் முதலில் மண்டபத்தில் ஊராருக்குக் காட்டவேண்டும். ஊருக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்று பேச்சு வந்துவிட்டால், நாளைக்கு என்னிடம் ஒருத்தியும் துணி தரமாட்டாள். மேடத்திடம் போய்க் கெஞ்சினேன். "வேணுமா? நாலுக்கு முன்னாடி ஒரு படி சேர்த்துக்கலாம்" என்று அவர் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு சின்னத் தாளை ஒட்டினார். என் கையெழுத்திலேயே 'ஊருக்குக் காட்டுவது' என்று எழுதச் சொன்னார். கம்பெனித் திட்டத்தில் என் கையெழுத்து! அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெருமையில், மூன்றாவது தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை நின்று யோசிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள், கவலைப்படவேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் தாள்களைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆண்கள் முன்னால் வந்து பார்த்தார்கள்.

"இன்னாப்பா இது, எலும்பு கவ்வின நாய் மாதிரி கீது!"

"டேய், அந்தக் கட்டவிரலப் பாரு. எங்கியோ பாத்த விரல்டா."

"பாத்ததா? உனுக்குச் சோறு போட்ட விரலா?"

சிரிப்பு. நானும் சிரித்தேன். கூட்டம் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் என்னைப் பார்ப்பார்களே என்று சிரித்தேன்.

ஊர்த்தலைவர் மூன்றாவது தாளை மட்டும் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "மேடம், யாரு இது?"

"இது ஒரு கற்பனை ஆளு சார். நிறையப் பேர்கிட்ட பேசி நாங்களா உருவாக்கினது."

"கற்பனைக்கு எங்க மூணாவது வலை எப்படி மேடம் தெரிஞ்சுது?"

மேடத்துக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியவில்லை. தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இத யார் சொன்னது?"

மண்டபமே என்னைப் பார்த்தது. பக்கத்து ஊர் சுண்ணாம்புக்குளத்தில் யாரோ என்று சொல்லியிருக்கலாம். லைட்ஹவுஸ் குப்பத்தில் கேட்டது என்று சொல்லியிருக்கலாம். நான்தான் உளறினேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அடிவயிறு இளகியது. இத்தனை பேர் நடுவில், இந்த வயதில், மறுபடியும் அது நடந்துவிடுமோ என்பது மட்டும்தான் அப்போது எனக்கு இருந்த கவலை.

"அண்ணிதான் சொன்னாங்க" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அண்ணியைக் கூப்பிட்டார்கள். தாள்களை நாங்கள் இன்னும் கழற்றவில்லை, தன் படத்துக்கு முன்னாலேயே அவளை நிற்கவைத்தார்கள். மூன்றாவது வலைக்கு அந்த முறை பாடு எடுத்திருந்தவர் எங்களுக்குத் தூரத்து மாமா.

"எத்தினி நாளா என் பாட்டுல கைய வெச்சினு கீற?"

"நீ வலை தூக்கினப்புறம்தான் மாமா எறங்கினேன். நீ உட்டதத்தான் எடுத்தேன்."

"உட்டதத்தான் எடுத்தியா, உடாததயும் எடுத்தியான்னு அந்த ஏரியே வந்து சொல்லுமா?"

"சின்னப் பொண்டாட்டியாச்சே, போவட்டும்னு நீயே உட்டுட்டியோ இன்னாவோ" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, மாமாவே சிரித்துவிட்டார். அண்ணியின் மூத்த பெண் மண்டபத்துக்கு வெளியே நின்றிருந்தாள்.

"நீயே இவங்களாண்ட சொன்னியாமே?" என்றார் தலைவர்.

அண்ணி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "என் வாயிலதான் எப்பவும் பறி இருக்குதே" என்றாள். "நான் எங்கேர்ந்து பேசினேன்?"

அதற்கும் சிரித்தார்கள். நான் தாள் கட்டிய கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கரையிலிருந்து அவள் ஏரியில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. பறியை வாங்கி மண்டபத்துத் தூணில் தொங்கவிட்டார்கள், பார்க்கிறவர்களுக்கு நினைவிருக்கட்டும் என்று. இரண்டு நாள் கழித்து, வரைகிற பெண் அதை அழகுக்கு மாட்டியிருப்பதாக நினைத்துப் பல பக்கமிருந்து போட்டோ எடுத்தாள்.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். என் பங்கை விட்டுவிட்டுச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு, பொய்யில்லை. தலைவரைப் பார்த்துப் பேசினார். "எங்க ஊர் விசயம் மேடம், உங்க ஆப்பப் பாருங்க" என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து ஒரு மஞ்சள் சீட்டில், பேர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டு ஒட்டினார். "இது ரொம்ப முக்கியமான பாடம். அடுத்த ஊர்ல இந்தத் தப்பு நடக்காது" என்றார். அடுத்த ஊருக்கு நல்லது.

அண்ணி காட்டூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லில் சேர்ந்தாள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. மூத்த பெண்ணும் படிப்பை நிறுத்திக்கொண்டு கூடவே போனாள். காலையில் அவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற நேரத்தில் நான் கதவைத் திறப்பதில்லை.

நான்கு மாதம் கழித்து, ஆட்களை அமுக்கவிட்டுப் பார்க்கிற ஐந்தாவது தாளின் வேலை வந்தது. ஆப் போனுக்குள் வந்துவிட்டது. ஈரக்கைக்காகக் கட்டங்களைப் பெரிதாக்கியிருந்தார்கள், மெதுவாகத் தொட்டாலும் எடுத்துக்கொள்கிற மாதிரி ஏதோ மாற்றியிருந்தார்கள். முதலில் யார் கையில் வேலை செய்யவில்லையோ அவர்களை வைத்தே பார்க்கவேண்டும் என்பது திட்டம். மேடம் ஆள் அனுப்பினார். வரமாட்டாள் என்று நினைத்தேன். மில்லுக்கு ஒரு நாள் போகாமல் வந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எடுத்துக்கொடுப்பது என் வேலை. முதல் திரையில் சின்னதாக ஒரு படம் இருந்தது. பறியைக் கவ்விய பெண், அதே விரல். அண்ணி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"எத அமுக்கணும் மேடம்?"

எப்போதும் பாப்பா என்பவள், என்னைத்தான் அப்படிக் கேட்டாள். நான் கட்டத்தைக் காட்டினேன். வளைந்த கட்டைவிரலால் தொட்டாள். தொட்டவுடன் திரை திறந்துகொண்டது. அடுத்தது தொட்டாள், திறந்தது. அதற்கடுத்ததும்.

மேடம் கைதட்டினார். குழுவே கைதட்டியது. "பாத்தீங்களா, சரி பண்ணிட்டோம்!" என்று எழுந்துபோய் ஆறாவது தாளில் ஈரக்கை என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

அந்த விரல் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. வெளுப்பு இல்லை, சுருக்கம் இல்லை. நகக்கண்ணில் தவிட்டு மாவு. ஏரித் தண்ணீர் பட்டு மாதக்கணக்கான, நன்றாகக் காய்ந்த விரல். அது எந்தப் போனிலும் வேலை செய்திருக்கும், பழைய கட்டத்திலும் வேலை செய்திருக்கும்.

"வேற ஏதாவது கவனிச்சீங்களா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

அண்ணி போனை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம்" என்றேன். "நல்லா வேலை செய்யுது."