வேன் நிற்கும் முனையில் கொசுறு

கறிவேப்பிலையைக் கொத்துக் கொத்தாக எடுத்து, தண்ணீர் தெளித்து, உதறிக் கூடையில் வைக்கிறார் ரங்காத்தாள். விற்பதற்கில்லை. மண்ணரையில் அவருடைய மளிகைக் கடையில் எது வாங்கினாலும் கறிவேப்பிலை கொசுறு. "எலைக்குப் போயி காசு வாங்கறதுங்களா?" என்பார். புளியைக் கொட்டையோடு எடை போடுவதில் மட்டும் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

2007 பொங்கலுக்கு, ஊரைத் தாண்டி அவிநாசி ரோட்டில் ஏ.சி. போட்ட பெரிய கடை ஒன்று திறந்தார்கள். ஞாயிறுதோறும் மண்ணரைக்கு இலவச வேன். சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்கள் மறுநாள் அதில் ஏறிப் போனார்கள். ரங்காத்தாளும் ஒருமுறை போனார். ஒலிபெருக்கியில் வரவேற்ற குரலுக்கு "வந்தனுங்க" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். ஒன்றும் வாங்காமல், குளிர்ச்சியை மட்டும் மனதாரப் பாராட்டிவிட்டுத் திரும்பினார்.

சனம் அங்கே போனதில்கூட அவருக்கு வருத்தமில்லை. திரும்பும்போது அந்தக் கடையின் மஞ்சள் பையோடு அவர் கண்ணில் படக் கூச்சப்பட்டுப் பின்தெரு வழியாக வீடு போனார்களே, அதுதான் உறுத்தியது. கூச்சம் முற்றினால் வார நாளில் கால் கிலோ பருப்புக்குக்கூட வரமாட்டார்கள். கடையைச் சாத்த வேண்டியதுதான். கணவர் கன்னையன், செல்போன் கடைக்கு வாடகைக்கு விட ஆளே பார்த்துவிட்டார்.

"நீங்க சும்மா இருங்க. நான் பாத்துக்கறன்" என்ற ரங்காத்தாள், அந்த ஞாயிறே ஸ்டூலும் கூடையுமாக வேன் நிற்கும் முனைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இறங்குகிறவர்களுக்கெல்லாம் கொசுறு. வாங்குவதை அப்புறம் வாங்கிக்கொள்ளட்டும்.

சென்ற ஞாயிறு, கம்பெனியில் செக்கிங் பார்க்கும் திண்டுக்கல் பெண் நதியா, பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி இறங்கினாள்.

"முதுகுல என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லக்கா. ஆபர் போட்டிருந்தாய்ங்க, அதேன்..."

"ஆபர்னா வாங்கத்தான் செய்வாங்க. பையக் காட்டு."

பையின் மேலாகவே இருந்தது, விலை ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் கறிவேப்பிலை. நதியா தலையைக் குனிந்துகொண்டாள்.

ரங்காத்தாள் உறையைப் பிரித்து ஓர் இலையை இடக்கையில் எடுத்தார். கூடையிலிருந்து ஓர் இலையை வலக்கையில் எடுத்தார். இரண்டையும் நன்றாகக் கசக்கி, நதியாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். நதியாவின் முகம் தானாகவே வலக்கைப் பக்கம் திரும்பியது.