முனுசாமி பேரைப் போடுங்க மேடம்

கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறும் வேலையில் கேள்வியை எழுதியவருக்கு மரியாதை, கேட்டவளுக்குத் திட்டு; இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவள் நான். அரசியல் சிந்தனை வரலாறு எழுத பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்திருக்கிறார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேட்டி எடுத்து, டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை.

யார் சொல்லித் தந்தது?

மேடத்தின் முதல் கேள்வி: 'சமத்துவம் என்ற கருத்து உங்களுக்கு யார் மூலம் வந்தது?' பதிலையும் அவரே அச்சடித்திருந்தார். நான்கு பெரிய தலைவர்கள், நான்கு கட்டங்கள். டிக் அடித்தால் போதும். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கிய முனுசாமி தாத்தாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இன்னாம்மா கேள்வி இது? எல்லாரும் ஒரே கேஜ்ல, அந்த இரும்புக் கூண்டுல, ஒட்டிக்கினு சுரங்கத்துக்குள்ள எறங்குவோம். கயிறு அறுந்தா ஒசந்த சாதிக்காரன் மட்டும் மெதுவாவா வுழுவான்?"

நம்பர்

பெயர் கேட்டால் இங்கே பாதிப் பேர் பழைய வேலை நம்பரைத்தான் சொல்வார்கள். சுரங்கம் மூடியும் பழக்கம் போகவில்லை. தாத்தாவும் சொன்னார், நானும் மடத்தனமாக எழுதிக்கொண்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினார்: "பொண்ணு பேரைக் கேக்குது, நீ நம்பரைச் சொல்ற! நம்ம கல்யாணப் பத்திரிகையிலயும் அதான் போட்டியா?"

தகவலாளி 3

ராபர்ட்சன்பேட்டையில் மேடம் தங்கியிருந்த அறையில் வரைவைப் பார்த்தேன். 'சிந்தனையாளர்கள்' என்ற தலைப்பில் அந்த நான்கு தலைவர்கள். கேஜ் கயிற்றுப் பேச்சு மட்டும் அடிக்குறிப்பில், சொன்னவர் 'தகவலாளி 3'. பெயர் போட்டால் அவருக்குத் தொல்லை வரலாம், ஆராய்ச்சி விதி அது என்றார் மேடம். "அவரைக் கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லை. "பேர் வரலைன்னா மீதிப் பேட்டியை டைப் அடிக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க." சொல்லிவிட்டேன். இந்த வேலையும் போனால் ஊரில் மற்றவர்களைப் போல நானும் தினம் வேலைக்குப் பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போக வேண்டியதுதான்.

மறுநாள் மேடமே சாம்பியன் ரீப்ஸ் வந்து விதியைப் பொறுமையாக விளக்கினார். தாத்தா முழுவதும் கேட்டுக்கொண்டார். "முப்பது வருஷம் நம்பரா இருந்தாச்சுங்க மேடம். சொன்னது நானு. பேரைப் போடுங்க, இனிஷியலோட."

இப்போது சிந்தனையாளர்கள் பட்டியலில் ஐந்தாவதாக பி. முனுசாமி இருக்கிறார், நான் மட்டும் இன்னும் பெயரில்லாத 'உள்ளூர் உதவியாளர்', அந்தச் சண்டையைத் திங்கட்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.