அவளுக்குத்தான் பயம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் பிடிக்காததையெல்லாம் என் தலையில் கட்டிவிடுவார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னால், "அவளுக்கு நேரத்தோட வீட்டுக்குப் போவணுமாம்" என்பார். சொந்தக்காரர் ஒருவர் தன் மகனைக் கடையில் சேர்த்துக்கொள்ளக் கேட்டால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இழுத்து, இரண்டு நாள் கழித்து, அவள் சரிப்படாது என்று சொல்லிவிட்டாள் என்று முடித்துவிடுவார். என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குள் சொந்தபந்தத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. அவர் தங்கமான மனுஷன், வாய்த்தவள்தான் இப்படி என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சண்டை போட்டேன். இனிமேல் சொல்ல மாட்டேன் என்பார். அடுத்த வாரமே சொல்வார். ஆள் கெட்டவரில்லை. யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். அந்தத் தெரியாமைக்கு நான் பழி சுமந்தேன்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்தைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், எங்களுக்கு ஒரு கப்பல் பயணம் வந்து விழுந்தது. அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்திய மொத்த வியாபாரக் கடையில் ஒரு சோப்புக் கம்பெனியின் சரக்கும் உண்டு. அந்த வருஷம் நன்றாக விற்றுக் கொடுத்த வியாபாரிகளைக் கம்பெனிக்காரர்கள் மனைவியோடு பயணிகள் கப்பலில் அனுப்புகிறார்களாம். சென்னையில் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் பார்த்துவிட்டு, அதே கப்பலில் திரும்பி வர வேண்டும். முதல் வகுப்பு அறை. கப்பல் வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதிலாக ஒரு ஸ்கூட்டர் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கடையில் அன்றைக்கே பாதிப் பேர் ஸ்கூட்டர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

எனக்குக் கப்பல்தான் வேண்டும். நான் பிறந்தது கடலை விட்டு உள்ளே தள்ளி, பனங்காட்டுச் செம்மண்ணில். கல்யாணமாகி வந்துதான் கடலையே பார்த்தேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்பது தெரியும். எங்கிருந்தோ வந்து, சில நாள் நின்று, ஒரு காலையில் காணாமல் போய்விடும். அது எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே கொடியில் துணியைப் போடுவேன். வியாபாரி வீட்டுப் பெண்கள் நினைத்த நேரத்தில் கடற்கரைக்குப் போக முடியாது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, கால் நனைத்த நாட்கள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கப்பல்களில் ஒன்றில் நான் போகப் போகிறேன் என்றதும், சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

"ஏளா, உனக்குப் பயமா இல்லியா?" என்று அன்று சாயங்காலமே கேட்டார்.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து ஊரெல்லாம் எனக்குப் பயம் என்று ஆகிவிட்டது.

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கப்பலைப் பற்றித் தெரியாது என்று ஒப்புக்கொள்ள நாக்கு வராது. துறைமுகத்தை வைத்துப் பிழைக்கிற ஊர். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதிலும் என் வீட்டுக்காரர் யோசனை கேட்கப் போனது ஒரு தண்டலிடம். தோணியை ஓட்டிப் போகிற தலைவனைத் தண்டல் என்பார்கள். அந்த மனிதர் வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு பாய்விரித்துக் கொழும்புக்குப் போய் வருகிறவர். வீட்டில் அவள் பயப்படுகிறாள், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் மரத்தோணியில் போகிறவனுக்கு என்ன சொல்வாரோ அதைச் சொல்லியிருக்கிறார். குடிதண்ணீர் சொந்தமாக வேண்டும். படுக்கப் பாய் வேண்டும். வாயில் அடக்கிக்கொள்ளப் புளியும் உப்பும் வேண்டும். சோற்றை நம்பாமல் அவல் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் புதுத் தேங்காய்க் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இது எதற்கு என்றேன்.

"உனக்குத்தான். காத்து பலமா அடிச்சா பாய்மரத்தோட சேத்துக் கட்டிக்கிடணுமாம்."

முதல் வகுப்பு அறை உள்ள கப்பலில் பாய்மரம் இருக்காது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மரத்தோடு சேர்ந்து நிற்கிற என்னை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சுருளை அவிழ்த்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று தன் இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். யாருக்குப் பயம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்புறம் என்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் லாஞ்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய துறைமுகத்திலிருந்து முயல்தீவுப் பக்கம் போனோம். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். காற்றில் முகமெல்லாம் உப்பாகிவிட்டது. கரையில் மாதா கோவிலும் பண்டகசாலைகளும் சிறுத்துக்கொண்டே போனதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை கூடியது. திரும்பிப் பார்த்தால் அவர் பின்பக்கம் குனிந்து, காலையில் தின்ற புட்டையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி வழியிலேயே திருப்பச் சொல்லிவிட்டார். டீசல் வாடை என்றார். புட்டு சரியாக வேகவில்லை என்றும் சொன்னார். அதுவும் என் தலையில்தான்.

அன்று மாலையே அவருடைய அண்ணன், எனக்குப் பெரியத்தான், எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைக்கு மூத்தவர் அவர்தான். அதிகம் பேச மாட்டார், பேசினால் எல்லோரும் கேட்போம். கம்பெனிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், என்ன முடிவு என்று விசாரித்தார். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூட்டரே இருக்கட்டும் அண்ணே. அவளுக்குத் தண்ணியக் கண்டாலே பயம். இன்னைக்கு லாஞ்சுல கூட்டிட்டுப் போனேன். ஒத்துக்கிடல, பாதியில திரும்பிட்டோம்" என்று என் வீட்டுக்காரர் சொல்வது கேட்டது.

எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரைத் தரையில் அடித்திருப்பேன். பந்தியும் கடை வேலையும் போகட்டும். இது என் கப்பல். இதையும் என் பெயரைச் சொல்லியே என் கையிலிருந்து பிடுங்குகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. லாஞ்சில் நடந்ததை அப்படியே போட்டு உடைக்க ஒரு நிமிஷம் ஆகாது. உடைத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். துறைமுகத்து வியாபாரி கடலுக்குப் பயந்தான் என்று கடைத்தெரு சிரிக்கும். அவர் ஸ்கூட்டரையும் எடுக்க மாட்டார், கப்பலிலும் ஏற மாட்டார், என் முகத்திலும் விழிக்க மாட்டார்.

பெரியத்தானுக்கு என்ன தோன்றியதோ, அவளையே கேட்டுவிடுவோம் என்று என்னைக் கூப்பிட்டார். புருஷனின் அண்ணன் முன்னால் நேரே நின்று பேசும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. உள்கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன்.

"பயமாத்தான் இருக்கு பெரியத்தான். ஆனா இவுக கூட வாராகல்லா? இவுக இருக்கையில எனக்கு ஒண்ணும் ஆகாது. கப்பல்லயே போவோம்."

பெரியத்தான் தம்பியைப் பார்த்தார். அப்புறமென்ன, கூட்டிக்கொண்டு போய் வா என்று எழுந்துவிட்டார். மனைவிக்குத் துணையாகப் போக எனக்குத் தைரியமில்லை என்று எந்த ஆம்பளை சொல்வான்? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் தட்டைத் தள்ளிவிட்டு, சோறு இறங்கவில்லை என்று எழுந்து போனார். அப்போது எனக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

அதற்கப்புறம் அவர் வழியிலேயே நானும் போனேன். கப்பல் ஆடினால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வரச் சொன்னேன். ராத்திரி அறைக்குள் எனக்கு மூச்சு முட்டுமா, சைவச் சாப்பாடு எனக்குக் கிடைக்குமா, கப்பலில் எனக்கு ஏதாவது வந்தால் டாக்டர் உண்டா, எல்லாவற்றையும் கேட்டு வரச் சொன்னேன். தனக்கென்று கேட்கக் கூசுகிறவர் எனக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார். பெரிய கோவில் பக்கத்துத் தெருவில், பயணிகள் கப்பலில் ரொம்ப வருஷம் சாப்பாடு பரிமாறிவிட்டு ஓய்வில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதருக்குப் பேச்சு என்றால் உயிர். அவர் கப்பலில் போன காலத்தில் மகாராஜாக்களெல்லாம் அவர் கையால் சூப்பு குடித்திருக்கிறார்களாம். அந்தப் பகட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உருப்படியாகவும் சொல்லியிருந்தார். வயிற்றைக் காயப்போடக் கூடாது. தலை சுற்றினால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் மேல்தளத்துக்கு வந்து, கடலும் வானமும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். டாக்டர் உண்டு, மெத்தை உண்டு, மணி அடித்தால் ஆள் வரும்.

ஒவ்வொரு நாளும் கடையைச் சாத்திவிட்டு வந்து, அன்றைக்குக் கேட்டதை எனக்குச் சொல்லி என்னைத் தேற்றுவார். "நீ ஒண்ணுக்கும் யோசிக்காத" என்பார். நானும் அப்படியா, இனிமேல் பயமில்லை என்பேன். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிவதைப் பார்ப்பேன். பாயையும் அவலையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம். கயிற்றை மட்டும் அவர் எடுக்க விடவில்லை. தாமிரபரணித் தண்ணீர் ஒரு கூஜாவில் வந்தது, ஏனென்றால் வேறு தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

பிள்ளைகள் இருவரையும் நாசரேத்தில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினோம். துறைமுகத்தில் அந்தக் கப்பலை அண்ணாந்து பார்த்தபோது இவர் கூஜாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். ஏணிப்படியில் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். அறையில் வெள்ளை விரிப்பும், வட்டக் கண்ணாடி ஜன்னலும், அதற்குள் அடங்காத கடலும் இருந்தன. நான் ஜன்னலிலேயே நின்றேன். கரை நகர ஆரம்பித்ததும் அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களோடு அதே சோப்புக் கம்பெனியின் மதுரை வியாபாரியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களையெல்லாம் அந்த மதுரைக்காரருக்குத் தெரிந்திருந்தது. இங்கே பேசுவது ஒரு மாதத்தில் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். கப்பல் கொஞ்சம் ஆடியது. தண்ணீர் டம்ளர் மேஜையில் மெதுவாக நகர்ந்து நகர்ந்து நின்றது. இவர் முகம் வெளிறிப்போய், இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்திருந்தார். அவரையே கவனித்துக்கொண்டிருந்ததில் நானும் தட்டைத் தொடவில்லை. மதுரைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பயந்துவிட்டார்கள் என்று இவரிடம் பரிவாகச் சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம், எனக்குத்தான் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பழகிய வார்த்தை.

"அவளுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அவ நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான் பயம். ஊர்ல வச்சே எனக்குத்தான் பயம்" என்றார் என் வீட்டுக்காரர்.

மதுரைக்காரர் தன் மோரை எடுத்துக் குடித்தார். அவர் மனைவி, தன் புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் பக்கமாக ஊறுகாயை நகர்த்தி வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்டாட்டியின் பெயரைச் சொல்லாமல் இந்த மனுஷன் ஒரு வாக்கியம் பேசுவதற்குக் கடல் நடுவில் வந்து சேர வேண்டியிருந்தது. சந்தோஷமா, இத்தனை வருஷம் கழித்தா என்ற கோபமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன.

வாங்க, மேலே போய் நிற்போம் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், முதலில் நீ சாப்பிடு, அதுவரை நான் இருக்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்குப் பசிப்பது தெரிந்தது. அவர் மேஜையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, நான் தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினேன்.