மனேச்சரும் ஒற்றைப் பந்தும்

பின்பக்கமாகத்தான் நடப்பார். காலை ஆறரை மணிக்குப் பத்துப் பல்லுள்ள விறாண்டியைக் கையில் பிடித்து, மணலைக் கீறிக் கீறிப் பின்னால் பின்னால் போவார். தான் வைத்த காலடியைத் தானே அழிக்க ஒரு மனிதன் இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்தால், யாருடைய கோழியையோ பிடித்துவிட்டு வந்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். அவ்வளவு துணிவு இவருக்குக் கிடையாது. பெயர் கொன்ஸ்ரன்ரைன். வயது அறுபத்தொன்று. எங்கள் தீவில் இருக்கிற ஒரேயொரு கோல்ப் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், புல்வெட்டுகிறவர். புல் இல்லாதபடியால் கடைசி வேலை மட்டும் லேசு.

மைதானம் பேசாலை தாண்டித் தலைமன்னார் போகிற வழியில் இருக்கிறது. சுவிசில் இருக்கும் அவருடைய மச்சானின் காணி. பனை, உடைமுள், மணல், கழுதை. ஆறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பால்மாத் தகர ரின்னைத் தாட்டு வைத்திருக்கிறார். குழியைச் சுற்றிய மணலில் படகு எஞ்சினின் கழிவு ஒயிலைக் குழைத்து, சீமெந்து நிரப்பிய பீப்பாயை உருட்டி இறுக்கியிருக்கிறார். வெளிநாட்டில் அந்த வட்டத்தைக் 'கிறீன்', அதாவது பச்சை, என்பார்களாம். இங்கே அது தார் ஊற்றிய மாதிரிக் கறுப்பு. ஆனாலும், "கிறீனுக்கை செருப்போட ஏறாதேங்கோ!" என்று கத்துவார். தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவைதான் அவருக்குத் திசைகாட்டி. "மூண்டாவது காத்தாடிக்கு இடப்பக்கம் பாத்து அடிக்கோணும்" என்று பாடம் எடுப்பார். பிறகு தானே அடித்துக் காட்டுவார். பந்து நாலாவதுக்கு வலப்பக்கம் போகும்.

கட்டாரில் பத்தொன்பது வருடம் இருந்தார். கொரோனா காலத்தோடு திரும்பி வந்தார். அங்கே கோல்ப் கழகத்தில் மனேச்சர் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார். அதே கம்பனியில் வேலை செய்த முருங்கன் ஊர்க்காரர் ஒருவர், பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீற்றில் இருந்து, ஒரு மணித்தியாலத்தில் உள்ளதையெல்லாம் அவிழ்த்துவிட்டார். வெள்ளைக்காரர்களின் பந்து மணற்குழிக்குள் விழும். அவர்கள் இறங்கி அடித்துவிட்டுப் போவார்கள். பிறகு கொன்ஸ்ரன்ரைன் விறாண்டியோடு இறங்கி, அவர்களின் சப்பாத்து அடையாளத்தை அழித்துவிட்டு ஏறுவார். பத்தொன்பது வருடமும் அதுதான் வேலை. ஊர் முழுவதற்கும் இது தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. "மனேச்சர்!" என்று கூப்பிட்டால், முகமெல்லாம் வெளிச்சமாகித் திரும்புவார். அந்த முகத்தைப் பார்க்கவே நாளுக்கு மூன்று தரம் கூப்பிடுவோம்.

'நாங்கள்' என்பது, படிப்பை விட்ட, அல்லது படிப்பு விட்ட, நாலைந்து பேர். ஒருமுறை அவர் பந்து வைக்கும் குச்சியில் அவித்த முட்டையை வைத்தோம். அவரும் மூன்றாவது காற்றாலையைப் பார்த்து ஓங்கி அடித்தார். மஞ்சட்கரு தொப்பிவரை போனது. துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆர் பாத்த வேலையெண்டாலும், கொஞ்சம் உப்புப் போட்டு வைச்சிருக்கலாம்." அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

வலது கை வெறுங்கை. இடது கையில் எப்போதும் வெள்ளை உறை. தேநீர் குடிக்கும்போதும் கழற்றமாட்டார். "இது ஜென்டில்மன்மாரின்ர விளையாட்டு" என்பார், இரும்புத் தடியால் முதுகைச் சொறிந்தபடி. தடிகள் மொத்தம் ஏழு. லீவில் வரும்போதெல்லாம், அங்கே கழித்துவிட்டதில் ஒன்றைக் கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தவை. அதில் ஏழாம் நம்பரை மட்டும் யாரும் தொடக்கூடாது. கோயில் பாதர் ஒருநாள் சும்மா தூக்கிப் பார்த்தபோதும், "பாதர், மெல்ல, மெல்ல" என்று பின்னாலேயே போனார்.

மற்ற ஆறின் கதி வேறு. அவருடைய மனைவி அருள்நாயகி மாமி, முருங்கைக் கன்றைத் தின்ன வரும் கழுதைகளைக் கலைப்பது ஐந்தாம் நம்பரால்தான். மாமி ஒருநாள் கோபத்தில் முற்றத்தில் கிடந்த தேங்காய்ப் பொச்சுமட்டை ஒன்றை அதனால் அடித்தார். பொச்சு, பக்கத்து வீட்டுக்காரரான எங்கள் வேலியைத் தாண்டி, கிணற்றையும் தாண்டிப் போய் விழுந்தது. நான் நடந்து அளந்தேன். நாற்பத்திரண்டு எட்டு. மனேச்சர் ஓடிவந்து தடியைத்தான் பார்த்தார். "கீறல் விழுந்திட்டுது!" பொச்சு போன தூரத்தை அவர் பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவர்தான் இந்த வருடம் ஒரு சுற்றுப்போட்டி வைக்கப் புறப்பட்டார். மடு மாதா திருவிழா முடிந்து அடுத்த சனிக்கிழமை. வெளிநாட்டுக்காரர் ஊரில் நிற்கிற நேரம். உறுப்பினர் ஒருவர், அவர் கூட்டிவரும் விருந்தினர் ஒருவர், இருவரும் ஒரு சோடி. கொப்பியில் தன் கையால் முதலாவது விதியை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்: விருந்தினர் இல்லாத உறுப்பினர் விளையாட முடியாது.

கழகத்தில் உறுப்பினர் எட்டுப் பேர். இரண்டு நாளில் ஏழு பேருக்கு விருந்தினர் கிடைத்துவிட்டார்கள். கிடைக்காதவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

பாதரைக் கேட்டார். "எனக்கு முழங்கால் சரியில்லை." கிராம சேவகரைக் கேட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, "காணி உறுதிப் பத்திரம் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சரியென்று தலையாட்டினார். அதற்குள் பூநாரைக் கூட்டம் ஒன்று இறங்கவே, கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். பிறகு திரும்பவில்லை. ஒருவருக்கும் அவரோடு பகையில்லை. நாலு வருடமாக எல்லோருக்கும், "உங்களுக்கு இது விளங்காது" என்று சொல்லி வந்தவருடன் நாலு மணித்தியாலம் வெயிலில் நடக்கத்தான் யாருக்கும் விருப்பமில்லை.

விருந்தினர் இல்லாவிட்டால் என்ன, போட்டி முறையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று கூட்டம் கூட்டினார். ஐஸ் வியாபாரி இராயப்புவின் வளவில், மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இருந்தார்கள். நாங்கள் மதிலில்.

"முதலாவது முறை," என்று கொப்பியைப் பிரித்தார். "சோடியில ரெண்டு பேருக்கும் ரெண்டு பந்து. ஆர் குறைய அடி அடிச்சுக் குழிக்கை விடுறாரோ, அவற்ற கணக்குத்தான் சோடிக்கு."

"அப்ப மற்றவர்?" என்றார் இராயப்பு.

"அவரும் விளையாடுவார்."

"என்னத்துக்கு?"

"சந்தோசத்துக்கு."

"என்ர மச்சான் கனடாவில இருந்து ரிக்கெற் போட்டு வாறது உன்ர சந்தோசத்துக்கோ?"

இரண்டாவது முறைக்குத் தாவினார். இருவரும் அடிப்பது, இரண்டில் நல்ல இடத்தில் கிடக்கும் பந்தை எடுத்து, அங்கிருந்து இருவரும் மறுபடி அடிப்பது. போன் கடை முபீன் கையைத் தூக்கினார். "எது நல்ல இடமெண்டு ஆரண்ணை சொல்லுறது?"

"சோடி கதைச்சு முடிவெடுக்கும்."

"கதைச்சோ? வாசிகசாலைக் கதவுக்கு என்ன நிறம் அடிக்கிறதெண்டு கதைச்சே ரெண்டு வருசம் முடிஞ்சுது."

மூன்றாவது, அடிகளை எண்ணாமல் புள்ளி போடும் முறை. கணக்கு வாத்தியார் சிவசுப்பிரமணியம் உடனே உற்சாகமாகி, பென்சன் காலத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பை விடாமல், மீன் பெட்டியில் சோக்கட்டியால் அட்டவணை கீறினார். பின்னங்கள் எல்லாம் வந்தன. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு என்னை இரண்டு தரம் விழுத்தியது. அன்றைக்கு மூன்றாம் தரமும் விழுந்தேன்.

நாலாவது முறை வந்ததும் மனேச்சர் கொப்பியில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார்.

"அந்தப் பக்கத்தில என்ன?" இராயப்புவுக்கு ஐஸ் வியாபாரத்தில் கிடைத்த கண்.

"அது சரிவராது. சோடிக்கு ஒரே பந்து. மாறி மாறி அடிக்கிறது. நீ விட்ட இடத்திலயிருந்து நான், நான் விட்ட இடத்திலயிருந்து நீ."

"நல்லாத்தானே கிடக்கு?"

"சண்டையில முடியும். கட்டாரில ரெண்டு டொக்டர்மார் இதாலதான் அடிபட்டவங்கள்."

டொக்டர்மாரில் ஒரு பிழையும் இல்லை. கறுப்பு வட்டத்துக்குள் வந்துவிட்டால் மனேச்சரை வெல்ல ஆளில்லை; மணல் எந்தப் பக்கம் சரியும் என்று அவருக்கு அத்துப்படி. தூரத்தில் நின்று அடிப்பதுதான் வராது. இரண்டு பந்தென்றால் தன் பந்து கடலுக்குப் போனாலும் மற்றவரின் பந்தில் ஒளிந்துகொள்ளலாம். ஒரே பந்தென்றால், தான் கொண்டுபோய் விட்ட குப்பைக்குள் மற்றவர் நின்று, இவரைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயம். "தலைவர் ஞாயிற்றுக்கிழமை முடிவு அறிவிப்பார்" என்று தலைவரே சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது, பின்னேரம், மனேச்சர் வீட்டுக் குசினியில் இந்தக் கதை நடந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது கிடுகு வேலி. காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்?

"இஞ்ச, அடுத்த சனி உனக்கு வேலை ஏதும் இருக்கோ?"

"கருவாடு காயப்போடோணும். ஏன்?"

"சும்மா."

சட்டி கழுவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"ஒருத்தரும் வரேல்லையாக்கும்," என்றார் மாமி.

"ரெண்டு மூண்டு பேர் யோசிச்சுக்கொண்டிருக்கினம்."

"பாதருக்கு முழங்கால். ஜீ.எஸ். உறுதி கேட்டவர். வெள்ளையன் கொக்குக்குப் பின்னால போயிட்டான். வேற ஆர் யோசிக்கினம்?"

மனேச்சரின் குரல் இறங்கியது: "நீ வாறியோ?"

"எனக்கென்ன தெரியும் உங்கட விளையாட்டு?"

"ஒண்டும் தெரியத் தேவையில்லை. உனக்கொரு பந்து, எனக்கொரு பந்து. ஆற்ற நல்லா..."

"அப்பிடியெண்டால் நான் வரேல்லை."

"ஏனப்பா?"

"உங்களுக்கொரு பந்து எனக்கொரு பந்தெண்டு பத்தொன்பது வருசம் விளையாடியாச்சு. இராயப்பர் சொன்னவர், ஒரே பந்திலயும் ஒண்டு இருக்காம். அதெண்டால் வாறன். நீங்கள் விடுற இடத்தில நான் நிண்டு அடிக்கிறன்."

"அது சண்டையில முடியும்."

"முடியட்டும். சண்டை பிடிக்கக்கூட எனக்கு ஆள் இருக்கேல்லைத்தானே."

வேலிக்கு இந்தப் பக்கம் சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை. நுளம்பு கடித்திருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் முடிவை அறிவித்தார். "ஒரே பந்து. மாறி மாறி. கட்டாரில பெரிய போட்டியள் எல்லாம் இதிலதான்."

"அடிபட்ட டொக்டர்மார்?" என்றார் முபீன்.

"அது வேற டொக்டர்மார்."

சனிக்கிழமை சோளகக் காற்று தொப்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தது. எட்டுச் சோடி. கனடா மச்சான் பூப்போட்ட அரைக்காற்சட்டையில் வந்தார். மனேச்சர் வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கையுறை, திருநீற்றுப் புதன் முகம். மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நின்றார். அவர்கள் பெயரைக் கூப்பிட்டதும், மனேச்சர் மூன்றாவது காற்றாலையை நீண்ட நேரம் பார்த்தார். ஓங்கினார். பந்து காற்றாலைப் பக்கமே போகவில்லை. நேரே உடைமுள்ளுப் பற்றைக்குள் புகுந்து, அங்கே படுத்திருந்த கழுதையின் காலடியில் நின்றது.

"மனேச்சர் கழுதைக்குப் பாஸ் குடுத்திட்டார்!" கத்தியது நான்தான்.

மாமி நடந்து போனார். பந்தைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார். கழுதைக்கு அவரை முன்னமே தெரியும், எழும்பிப் போய்விட்டது. பிறகு, மனேச்சர் பயந்த அந்தப் பார்வை. திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கை நிண்டு மனிசர் அடிக்கலாமே? எந்தத் தடி?"

அவர் பையைக் கிளறினார். ஐந்தை எடுத்தார், வைத்தார். ஆறை எடுத்தார், வைத்தார். கடைசியில் ஏழாம் நம்பரை உருவி, வெள்ளைக் காற்சட்டையில் துடைத்துப் பிடியை மாமி பக்கம் நீட்டினார். மாமி கால்விரல்களை மணலுக்குள் புதைத்து நின்று அடித்தார். முள்ளும் மணலும் பந்தும் சேர்ந்து பறந்தன. பந்து மட்டும் நிற்காமல் போய்க் கறுப்பு வட்டத்தின் விளிம்பில் விழுந்தது. மனேச்சர் ஒரே தட்டில் அதைப் பால்மா ரின்னுக்குள் விட்டார்.

"இதாவது தெரியுதே," என்றார் மாமி. மனேச்சருக்கு மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

நாலாவது குழியில் சண்டை வந்தது. பந்தை எங்கே விட்டார் என்பதில் தொடங்கி, மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது ஏன் வரவில்லை என்பதில் போய் நின்றது. "லீவு தரேல்லையப்பா!" "மனேச்சருக்கே லீவு தரமாட்டாங்களோ?" மைதானமே காது கொடுத்துக் கேட்டது. மனேச்சர் கொஞ்ச நேரம் கையுறையை இழுத்து இழுத்து விட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "மணல் கீறுறவனுக்கு ஆர் லீவு தருவான்?" என்றார். ஒருவரும் 'மனேச்சர்' என்று கூப்பிடவில்லை. "சரி, இப்ப உங்கட அடி," என்றார் மாமி.

எட்டுச் சோடியில் ஐந்தாவதாக வந்தார்கள். வென்றது கணக்கு வாத்தியாரும் அவருடைய மருமகனும். அது பற்றி எழுத ஒன்றுமில்லை.

எல்லோரும் இராயப்பு வளவுக்குச் சாப்பிடப் போனபிறகு, கொன்ஸ்ரன்ரைன் விறாண்டியை எடுத்தார். வழக்கம்போலப் பின்பக்கமாக நடந்து, கனடாக்காரரின் சப்பாத்து அடையாளத்தை அழித்தார். கழுதையின் குளம்படியை அழித்தார். தன்னுடையதையும் அழித்துக்கொண்டே உடைமுள்ளுப் பற்றைவரை வந்தார்.

"சோறு ஆறுது!" என்று தெருவிலிருந்து மாமி கூப்பிட்டார்.

"வாறன், வாறன்."

அங்கே மணலில் வெறுங்கால் அடையாளம் இரண்டு, விரல்நுனி ஆழப் புதைந்து கிடந்தன. விறாண்டியைத் தூக்கினார். அந்த இரண்டுக்கும் மேலால் கொண்டுபோய், அந்தப் பக்கத்தில் இறக்கி வைத்து, மறுபடியும் கீறத் தொடங்கினார்.