403-இல் இருபத்திரண்டு டிகிரி

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் ‘சட்டுப்புட்டு’ என்று பெயர். மற்றவர்கள் நான்கு நாள் இழுக்கும் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டு வந்து நிற்பார். எங்கள் ஊர்க் குளிருக்கு அடுக்குமாடிக் கட்டிடத்தில் வீட்டுக்கு வீடு சூடேற்றும் கருவி இருக்கும். அவற்றையெல்லாம் கீழே அலுவலகக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது அவர் தொழில். அதற்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள். அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் முகவரி எண்ணைக் கொடுத்தால், அந்த வீட்டின் வெப்பம் திரையில் வந்து உட்காரும்.

இவர் ஒரு மாடிக்கு ஒழுங்காகப் பட்டியல் போடுவார், மற்ற மாடிகளுக்கு அதையே நகலெடுத்துப் பெயரையும் எண்ணையும் மாற்றுவார். கடைசியில் ஒரு சோதனை உண்டு. ஒருவர் வீட்டுக்குள் போய், வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கையால் பொத்திக்கொள்ள, இன்னொருவர் கீழே எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அறுபது வீட்டில் பத்து வீட்டுக்குத்தான் பொத்திப் பார்த்தார்கள். மீதி ஐம்பதுக்கும் இவர் தாளில் டிக் போட்டார். “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்” என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அறுபது வீடும் அறுபது பானை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குளிர்காலம் வந்ததும் 403-ஆம் வீட்டிலிருந்து புகார். தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், குளிர் தாங்கவில்லை என்றார். இவர் திரையைப் பார்த்தார், இருபத்திரண்டு டிகிரி. மூன்று முறை புகார், மூன்று முறையும் ஏறக்குறைய அதே எண். மாடியேறிப் போய்ப் பார்க்கவே இல்லை. “சார், ரூம்ல குளிரே இல்ல. உங்களுக்குத்தான் அப்படித் தோணுது” என்று போனில் சொன்னதை, அன்று சாப்பாட்டு மேசையில் நடித்தும் காட்டினார். நான் புரையேறச் சிரித்தேன். ‘கருவி சரி, குடியிருப்பவரின் மனப்பிரமை’ என்று அவர் எழுதிய அறிக்கையின் நகல் கண்டக்டரின் மகளுக்குப் போனது.

ஆறு வாரம் கழித்து, நேர் கீழே 303 காலியானது. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஜன்னல்களைத் திறந்து போட, திரையில் 303 பதினொன்றுக்கு இறங்கியது. கூடவே 403-உம் பதினொன்று. ஜன்னலை மூடியதும் இரண்டும் சேர்ந்தே ஏறின. இவர் டிரைவரைத் திறந்து பார்த்தால், 403 என்ற பெயருக்கு நேரே கீழ்வீட்டு முகவரி. பெயரை மாற்றியவர் எண்ணை மாற்றவில்லை. சரியான எண்ணைப் போட்டதும் வந்தது பதின்மூன்று டிகிரி. அந்த வீட்டுக் கருவிக்கு வெந்நீர் விடும் வால்வு திறக்காமல் சிக்கிக் கிடந்திருக்கிறது.

ஆளை அனுப்பி வால்வை அன்றே மாற்றிவிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் கால் எழவில்லை. “நீயும் வாயேன்” என்றார். சிரித்தவள் நானும்தானே, போனேன்.

403-இல் இவர் தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். “தப்பு என்னோடதுதான் சார். நீங்க சொன்னதுதான் சரி.”

கண்டக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அப்போ எனக்குப் புத்தி பிசகலையா தம்பி? மக அந்தக் காகிதத்தைப் பாத்துட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. தனியா இருந்தது போதும்னு முதியோர் இல்லத்துல இடமும் பிடிச்சுட்டா. திங்கக்கிழமை போகணும்.”

இவர் அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். “அந்த அறிக்கைய எழுதினது நான்தாம்மா. உங்க அப்பாவுக்கு ஒண்ணுமில்ல” என்று நடந்ததைச் சொன்னார். கண்டக்டரோ எழுந்து வந்து இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, “இத்தன நாள் ஸ்வெட்டராவது போட்டிருந்தீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டு இருக்கும்மா. முதல்ல போட்டுட்டுத்தான் இருந்தேன். குளிரே இல்லன்னு தம்பி சொல்லிட்டாரே. இல்லாத குளிருக்கு ஸ்வெட்டர் போட்டா மக இன்னும் பயப்படுவாளேன்னு கழட்டி வெச்சுட்டேன்.”